பட்டியலுக்கு வெளியே ஒரு மாவட்டம்: உலக வணிகப் பேச்சும் நாஞ்சில் நாட்டு நியாயமும்



நாடுகளுக்கு இடையே நடக்கும் வணிகப் பேச்சில் நியாயம் என்று ஒன்று உண்டா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதை உலக வணிக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் தொடங்கி ஜெனீவாவிலேயே முடிக்கலாம். நாகர்கோவிலில், இந்தக் கல்லூரி அவையில், பேசுகிறவனுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மிளகு, ரப்பர், நெல், மீன், முந்திரி ஐந்துமே ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பேச்சு மேசைக்குப் போய் வந்தவை. போனபோது அவற்றை விளைவித்தவர் யாரும் கூடப் போகவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் நாளில் நியாயம் தீர்மானிக்கப்படுவதில்லை. மேசையில் யாருக்கு நாற்காலி, எந்தப் பொருள் எந்தப் பட்டியலில், எந்த ஆண்டின் விலை கணக்குக்கு அடிப்படை என்பவை முடிவாகும்போதே முக்கால் பங்கு முடிந்துவிடுகிறது. மீதிக் கால் பங்கு நம் வீட்டுக்குள் இருக்கிறது. வெளியாரிடம் கேட்கும் நியாயத்தை நம்மவருக்கு நாம் கொடுக்கிறோமா என்பதைப் பொறுத்தது அது.

மிளகும் துப்பாக்கியும்

1741இல் கொளச்சலில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு மன்னரின் படைத் தளபதியாகி, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். ஆனால் அந்தப் போர் எதற்காக நடந்தது என்று கேட்டால் சிலரே சொல்வார்கள். மிளகுக்காக நடந்தது. கரையோரச் சிற்றரசர்களோடு டச்சுக் கம்பெனி செய்திருந்த ஒப்பந்தங்களின்படி மிளகு கம்பெனி சொன்ன விலைக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிற்றரசுகளைத் திருவிதாங்கூர் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டதும் கம்பெனியின் விலை ஆட்டம் கண்டது.

போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1753இல், மாவேலிக்கரையில் உடன்படிக்கை வந்தது. மன்னர் கையிலிருந்த நிலத்து மிளகு கண்டி என்ற பழைய எடைக்கு 65 ரூபாய், இனிப் பிடிக்கப்போகும் நிலத்து மிளகு கண்டிக்கு 55 ரூபாய் என்று விலை குறித்தார்கள். பதிலுக்கு டச்சுக்காரர்கள் ஆண்டுதோறும் 12,000 ரூபாய்க்கு ஆயுதம் தர வேண்டும், உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது. தோற்ற பிறகு மேசைக்கு வந்தவனிடம் ஜெயித்தவன் எழுதி வாங்கிய பேரம் இது. பலம் மாறினால் விலையும் மாறும் என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று வேண்டாம்.

ஆனால் இதே கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. மன்னர் மிளகை அரசின் தனியுரிமையாக்கினார். மலையடிவாரத்தில் மிளகுக் கொடி வைத்திருந்தவன் வேறு யாருக்கும் விற்க முடியாது. அரசுப் பண்டகசாலையில் அரசு சொன்ன விலைக்குத்தான் அளக்க வேண்டும். டச்சுக்காரனிடம் மன்னருக்குக் கிடைத்த பேர உரிமை, மன்னரிடம் குடியானவனுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தனியுரிமை ஒழிய 1860 வரை, திவான் மாதவ ராவ் காலம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே மாதவ ராவ் காலத்தில்தான் 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் வணிக உடன்படிக்கை செய்துகொண்டன. அதுவரை திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்த சரக்குக்குச் சுங்கம் உண்டு. உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியச் சரக்குக்கு அந்தச் சுங்கம் போயிற்று. துறைமுகங்களில் பிரிட்டிஷ் இந்திய வரி விகிதத்தையே திருவிதாங்கூரும் ஏற்றது, உப்பையும் பிரிட்டிஷ் இந்திய விலைக்கே விற்க ஒப்புக்கொண்டது. மாதவ ராவ் தடையற்ற வணிகத்தில் நம்பிக்கை கொண்டவர். அவரை மிரட்டி வாங்கினார்கள் என்று சொல்வது சரியாகாது. மாட்டுவண்டிக்காரனுக்கும் சந்தை வியாபாரிக்கும் அதனால் நன்மையும் இருந்தது. இருந்தாலும் அந்த நாளிலிருந்து, தன் துறைமுகத்தில் என்ன வரி என்பதைத் திருவிதாங்கூர் கல்கத்தாவைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. விதி எல்லாருக்கும் பொது. எழுதும் பேனா மட்டும் ஒரு கையில்.

ரப்பர் எந்தப் பட்டியலில்?

மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ ரப்பர் கடைக்குக் காலையில் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். விவசாயி சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ ஷீட் கட்டைக் கொண்டுவந்து இறக்குவார். கடைக்காரர் ஒரு ஷீட்டை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். உள்ளே குமிழி இருக்கிறதா, கரும்புள்ளி இருக்கிறதா, புகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, விரலால் இழுத்துப் பார்த்து, தரம் சொல்வார். பிறகு "இன்னைக்குக் கோட்டயம் விலை இவ்வளவு" என்பார். விடியுமுன் எழுந்து பால் வெட்டி, சிரட்டையில் வடிந்ததைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் அடித்து, புகை போட்டுக் காயவைத்தவருக்கு அந்த விலையில் ஒரு பைசா பேச உரிமை இல்லை. கோட்டயம் விலை பாங்காக் விலையைப் பார்த்து ஏறி இறங்குகிறது. பாங்காக் விலை உலகத்து டயர்த் தொழிலையும் கச்சா எண்ணெயையும் பார்க்கிறது.

ரப்பருக்கு வெளிநாட்டுப் பேச்சு புதிதல்ல. 1934இல் லண்டனில் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், சயாம், இந்தியா ஆகியவை ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தன. இந்தியா என்று கையெழுத்திட்டது பிரிட்டிஷ் அரசு. ரப்பர் மரம் நின்ற நிலத்தின் பெரும்பகுதியோ திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் இருந்தது. புதிதாக நடக் கூடாது, ஒதுக்கீட்டுக்கு மேல் ஏற்றுமதி கூடாது என்ற விதி, மேசையில் இல்லாதவன் தோட்டத்துக்குள் வந்து நின்றது.

சுதந்திர இந்தியாவில் நிலைமை மாறியிருக்க வேண்டும். 1947லேயே ரப்பர் சட்டம் வந்தது, ரப்பர் வாரியம் வந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு நம் மலையோர அரசு ரப்பர் தோட்டங்கள் வாழ்வு கொடுத்தன. 1984இல் அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. கீரிப்பாறையிலும் மணலோடையிலும் சிற்றாற்றிலும் இன்று பால் வெட்டுகிற குடும்பங்களில் பல, இரண்டு அரசுகள் பேசி முடித்த ஒரு கணக்கால் இடம் மாறி வந்தவை. உலக ஒப்பந்தம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1986இல் உருகுவேயில் தொடங்கிய காட் பேச்சு எட்டாண்டு நீண்டு, 1994 ஏப்ரலில் மொராக்கோ நாட்டின் மராகேஷில் உலக வணிக அமைப்பை உருவாக்கும் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. இடையில் வந்த டங்கல் வரைவை எதிர்த்து இங்கே ஊர்வலம் போனவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். வேளாண்மைப் பகுதியின் முடிச்சு அவிழ்ந்தது 1992 நவம்பரில், வாஷிங்டனின் பிளேர் மாளிகையில். அங்கே பேசியவர்கள் அமெரிக்காவும் ஐரோப்பியச் சமூகமும். இருவர் ஒத்துப்போனதைச் சுற்றித்தான் மற்றவர்களின் ஒப்பந்தம் கட்டப்பட்டது.

அந்த வேளாண் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில், எவை எல்லாம் வேளாண் பொருள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கச்சாப் பருத்தி இருக்கிறது. பட்டு இருக்கிறது. கம்பளி இருக்கிறது. பதனிடாத தோல்கூட இருக்கிறது. இயற்கை ரப்பர் இல்லை. தென்னை நார் இல்லை. மீனும் மீன் பொருள்களும் வேண்டாம் என்று எழுதியே விலக்கப்பட்டிருக்கின்றன. அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரமும் கடலோரமும் உலக வணிக அமைப்பின் ஏட்டில் உழவுக்கு வெளியே கிடக்கின்றன. மரம் நட்டு ஏழாண்டு காத்திருந்து பால் எடுக்கிறவரின் சரக்கு அங்கே தொழிற்பொருள்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். வேளாண் பட்டியலில் உள்ள பல பொருள்களுக்கு இந்தியா 100 சதவீதம், 150 சதவீதம், சமையல் எண்ணெய்களில் சிலவற்றுக்கு 300 சதவீதம் வரை இறக்குமதி வரி உச்சவரம்பு வைத்துக்கொண்டது. இயற்கை ரப்பர் ஷீட்டுக்கு நாம் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 25 சதவீதம். 2015 ஏப்ரலில் இறக்குமதி வரி 20லிருந்து அந்த 25ஐத் தொட்டுவிட்டது. இனி எந்த அரசு வந்தாலும், யார் எவ்வளவு போராடினாலும், அந்த உச்சவரம்பை மறுபடி பேசி மாற்றாமல் அதற்கு மேல் ஏற்ற வழியில்லை.

அந்த 25லும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது" என்பதுதான் விதி. விலை கிலோ 100 ரூபாய் என்றால் வரி 25 ரூபாய். விலை 240 என்றால் 60 ரூபாய் வர வேண்டும், 30தான் வரும். சதவீதத்தில் அது பன்னிரண்டரை. ஏற்றுமதிக்காக டயர் செய்கிறேன் என்று உரிமம் பெற்று இறக்கினால் வரியே கிடையாது.

ஆசியான் ஒப்பந்தத்தையும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்டு 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அண்டைக் கேரளத்தில் 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி கோத்தார்கள். இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில்தானே இருக்கிறது, பயம் எதற்கு என்று தில்லி சொன்னது. உண்மைதான், ரப்பர் விலக்குப் பட்டியலில் இருந்தது. ஆனால் ரப்பரோடு சில ரசாயனங்களைக் கலந்தால் அதற்குப் பெயர் கலவை ரப்பர். அது வேறு எண்ணில், வேறு வரியில் வரும். முன்வாசலைப் பூட்டியாயிற்று, பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. 2023 மத்திய பட்ஜெட்டில்தான் கலவை ரப்பருக்கான பொது வரியை 10லிருந்து 25 சதவீதமாக்கி, இயற்கை ரப்பருக்குச் சமமாக்கினார்கள். ஆசியான் நாடுகளின் சலுகை வரி அதற்குப் பிறகும் தனி வழியாகவே நின்றது.

டயர்த் தொழில்காரர்களின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். முடிந்த டயருக்கான வரியைவிடக் கச்சா ரப்பருக்கான வரி கூடுதலாக இருந்தால் இந்தியாவில் தொழிற்சாலை எதற்கு என்கிறார்கள். உள்நாட்டு உற்பத்தி தேவைக்குப் போதவில்லை என்பதும் உண்மை. நான் கேட்பது, 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தொட்ட விலை 2016 தொடக்கத்தில் 100க்குக் கீழே போனபோது அந்த இடியை யார் தாங்கினார்கள் என்பதுதான். டயர் விலை பாதியாகவில்லை. இங்கே எத்தனையோ தோட்டங்களில் வெட்டுக்கூலி கட்டுப்படியாகாமல் மரத்தைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

எந்த ஆண்டின் விலை?

நெல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மாவட்டத்து நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. நெல்லுக்கு அரசு தரும் ஆதரவு விலை எவ்வளவு மானியம் என்று கணக்கிட உலக வணிக அமைப்பு ஒரு முறை வைத்திருக்கிறது. அரசு தரும் விலையை வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட வேண்டும். எந்த வெளிச்சந்தை விலை? இன்றைய விலை இல்லை. 1986–88 ஆண்டுகளின் சராசரி விலை. இந்தக் கல்லூரியில் இன்று படிக்கிற மாணவர்களின் அப்பா அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்து விலை.

விலைவாசி ஏற ஏற, விவசாயிக்குக் கூடுதலாக ஒன்றும் கொடுக்காமலே மானியம் ஏட்டில் வீங்கிக்கொண்டே போகும். 2013இல் பாலி மாநாட்டில் கிடைத்த, வரம்பு மீறினாலும் வழக்கு வராமல் காக்கும் தற்காலிகப் பாதுகாப்பு விதியை, 2018–19ஆம் ஆண்டு அரிசிக்கு இந்தியா பயன்படுத்த நேர்ந்தது. உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்ற வரம்பை நம் அரிசி மானியம் ஏட்டுக் கணக்கில் தாண்டிவிட்டது. விதிமுறையில் யாரும் ஏமாற்றவில்லை. அடிப்படை ஆண்டை அசையாமல் நிறுத்திவைத்ததே போதுமானதாக இருந்தது.

கடலில் அளக்கும் கோல்

இனி மீன். மீன்பிடி மானியம் பற்றிய பேச்சு 2001இல் தோகாவில் தொடங்கியது. 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் முதல் ஒப்பந்தம் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஏற்றதும் 2025 செப்டம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், அளவுமீறிப் பிடித்து அருகிவிட்ட மீன் இனங்களைப் பிடிப்பதற்கும், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஆழ்கடலில் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்கிறது அது. பேச்சின் இரண்டாம் பகுதிதான் கடினமானது. கூடுதல் படகு, கூடுதல் எந்திரம், கூடுதல் டீசல் என்று பிடிக்கும் திறனையே பெருக்கும் மானியங்களைப் பற்றியது. 2024இல் அபுதாபி மாநாட்டில் அது முடிவாகாமல் நின்றது.

இந்த ஒப்பந்தத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கடல் வற்றிக்கொண்டிருக்கிறது என்பதை எந்த ஆய்வாளருக்கும் முன்பே நம் கரைக்காரர்கள் சொன்னார்கள். முன்னே பக்கத்தில் கிடைத்த மீனுக்கு இப்போது எத்தனை நாள் ஓட வேண்டியிருக்கிறது என்பது அவர்களுக்கு டீசல் கணக்கில் தெரியும்.

சண்டை அளவுகோலைப் பற்றியது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரஷீத் சுமைலா குழுவினர் 2018ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கின்படி, உலக மீன்பிடி மானியம் 35.4 பில்லியன் டாலர். அதில் 22.2 பில்லியன் பிடிக்கும் திறனைப் பெருக்கும் வகை. முதல் ஐந்து இடங்களில் சீனா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, தென் கொரியா, ஜப்பான். 2022இல் ஜெனீவாவில் இந்தியத் தரப்பு வேறொரு கணக்கை வைத்தது: இந்தியாவில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 டாலர், சில நாடுகளில் ஒரு குடும்பத்துக்கு 42,000, 65,000, 75,000 டாலர் வரை. பல பத்தாண்டு மானியத்தால் கப்பல் கட்டி முடித்தவனையும், இப்போதுதான் படகை நீட்டுகிறவனையும் ஒரே நாளில் நிறுத்தினால், முன்னால் ஓடியவன் முன்னாலேயே இருப்பான். தொலைதூரக் கடலில் பிடிக்கும் நாடுகள் முதலில் நிறுத்தட்டும், எங்களுக்கு 25 ஆண்டு தவணை கொடுங்கள் என்று இந்தியா கேட்டதன் பொருள் இதுதான்.

ஆனால் நம் மாவட்டத்தின் சிக்கல் இதோடு முடியவில்லை. ஏழை மீனவருக்கு விலக்கு தரலாம் என்று வரைவுகளில் எழுதினார்கள். யார் ஏழை மீனவர்? கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் பிடிப்பவர் என்றார்கள். 24 என்றும் பேச்சு வந்தது. இந்தக் கோலை எடுத்துக்கொண்டு தூத்தூருக்கு வாருங்கள். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் குஜராத் வரையும் லட்சத்தீவுக்கு அப்பாலும் போகிறவர்கள். மாதக் கணக்கில் கடலில் தங்குவார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எடுத்துக்கொண்ட உயிர்களில் பல அந்த ஊர்களைச் சேர்ந்தவை. கரை அறியாத தொலைவில் அவர்கள் இருந்தார்கள்.

தூரத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் பெருந்தொழில்காரர்கள். படகில் ஏறிப் பார்த்தால் உண்மை தெரியும். படகு பல வேளைகளில் சொந்தபந்தம் நாலைந்து பேர் கூட்டாகக் கடன் வாங்கிக் கட்டியது. கரை சேர்ந்ததும் டீசல், ஐஸ், அரிசி பருப்புச் செலவைக் கழித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். மிஞ்சாவிட்டால் பங்கும் இல்லை. மாதச் சம்பளம், காப்பீடு, கம்பெனி எதுவும் அதற்குள் வராது. உடைமையில் சிறியவர், ஓட்டத்தில் நெடியவர். இப்படி ஒரு மீனவர் உலகத்தில் உண்டு என்று வரைவு எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டுப்பாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மீன்பிடித் தடைக்காலம் நடக்கிற இடம் இது. சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கொளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 61 நாள் விசைப்படகு கட்டிக் கிடக்கும். அந்த நாள்களுக்குத் தமிழக அரசு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. கடலுக்கு ஓய்வு கொடுத்ததற்கான ஈடு இது. எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கிற ஏடு, எத்தனை நாள் சும்மா இருந்தாய் என்று கேட்பதில்லை.

நாம் வாங்குகிறவராக இருந்தபோது

இதுவரை கேட்டதில் நாம் எங்கும் பாதிக்கப்பட்டவர்கள். இந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அண்டி ஆபீஸை, அதாவது முந்திரி ஆலையை, பேசாமல் போவது நேர்மையாகாது.

நம் மாவட்டத்தில் முந்திரி ஆலைகளை நம்பி வாழும் பெண்கள் ஏராளம். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, மரக்கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுப்பது அவர்கள் வேலை. தோட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்துபோகும். அவர்கள் தட்டுகிற கொல்லாங்கொட்டையின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ரப்பருக்கு வரியை ஏற்று என்று கேட்கிற இதே மாவட்டம், பச்சை முந்திரிக் கொட்டைக்கு வரியைக் குறை என்று கேட்கிறது. 2018 பட்ஜெட்டில் அது ஐந்திலிருந்து இரண்டரை சதவீதமானது. இரண்டு கோரிக்கையும் அவரவர் அளவில் சரியே.

மொசாம்பிக்கில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே முந்திரி விளைந்தது, தட்டும் ஆலைகளும் இருந்தன. கொட்டையை அப்படியே ஏற்றுமதி செய்தால் வரி உண்டு. 1990களில் உலக வங்கி கடன் நிபந்தனையாக அந்த ஏற்றுமதி வரியைக் குறைக்கச் சொன்னது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றது. வரி குறைந்தது. கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களிலும் பெண்கள் ஏராளம். விவசாயிக்குக் கிடைத்தது என்ன? டானி ரோட்ரிக்கும் அவரோடு சேர்ந்த பொருளியலாளர்களும் கணக்குப் போட்டுப் பார்த்து, முந்திரி விளைவிக்கும் சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5.30 டாலருக்கு மேல் இராது என்றார்கள்.

அந்தப் பேச்சில் நாம் இல்லை. ஆனால் பலன் இந்திய ஆலைகளுக்கு வந்தது. அங்கே வேலை இழந்தவளும் இங்கே வேலை பெற்றவளும் ஒரே கூலிக்கார வர்க்கம். நடுவுநிலைமை அதிகாரத்தை வள்ளுவர் வணிகரைச் சொல்லித்தான் முடிக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்பது அதன் சாரம். கன்னியாகுமரி ரப்பருக்காகப் பேசுகிறவனுக்கு மொசாம்பிக் முந்திரியைப் பற்றியும் ஒரு கருத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் கேட்பது நியாயம் அல்ல, பங்கு.

விதியே வேண்டாமா?

அப்படியானால் இந்த ஒப்பந்தங்களையெல்லாம் கிழித்துப் போடலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். விதி இல்லாத வணிகம் எப்படி இருக்கும் என்பதை 2025இல் பார்த்தோம். ஆகஸ்டு 27 முதல் பல இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது. இறால் ஏற்றுமதியாளர்கள் திகைத்து நின்றார்கள். முறையிட ஒரு மேல்முறையீட்டு மன்றம் ஜெனீவாவில் இருந்தது. நடுவர் நியமனத்தை அமெரிக்காவே தடுத்துவந்ததால், 2019 டிசம்பரிலிருந்து அது செயல்படவில்லை.

அந்த மன்றம் உயிரோடு இருந்த காலத்தில் நடந்த ஒரு வழக்கு இங்கே பொருந்தும். கடலாமை தப்பிக்கும் கருவி பொருத்தாத வலையில் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா தடை போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் 1996இல் வழக்குத் தொடுத்தன. 1998இல் வந்த தீர்ப்பு, ஆமையைக் காப்பது நியாயமான நோக்கம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் கரீபியப் பகுதி நாடுகளோடு உட்கார்ந்து பேசி அவர்களுக்கு மூன்றாண்டு தவணை கொடுத்த நீ, ஆசிய நாடுகளோடு பேசவும் இல்லை, நாலு மாதத்துக்கு மேல் தவணை தரவும் இல்லை; இது பாரபட்சம் என்றது. நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பாதிக்கப்படப் போகிறவனிடம் முன்கூட்டிப் பேச வேண்டும் என்று உலகப் பேரரசுக்கே ஒரு மன்றத்தால் சொல்ல முடிந்தது. ஆகவே மன்றம் வேண்டும், விதி வேண்டும். பட்டியலும் கோலும் ஆண்டும் திருத்தப்பட வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

அமெரிக்காவுக்குச் சொன்ன அந்தத் தீர்ப்பை நம் தில்லிக்கும் சென்னைக்கும் சொல்லிப் பார்ப்போம். அரசியல் சட்டப்படி வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வது மத்திய அரசின் அதிகாரம். வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் ஏற்ற பிறகே கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் நம் சரக்கு எந்தப் பட்டியலில் போயிற்று என்பது நமக்குக் கடைசியில் தெரியவருகிறது.

கேட்டால் நடக்குமா என்பவர்களுக்கு ஒரு சான்று. 1991இல் வெளிநாட்டுக் கப்பல்களைக் கூட்டு நிறுவனம் என்ற பெயரில் நம் ஆழ்கடலுக்குள் விடும் கொள்கை வந்தது. நாடு முழுவதும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முராரி குழு அமைந்தது. மீனவர்களைக் கேட்டது. புதிய அனுமதி வேண்டாம், கொடுத்ததை ரத்து செய் என்று 1996இல் பரிந்துரைத்தது. கரையிலிருந்து எழுந்த குரல் கொள்கையைத் திருப்பியது.

உள்வீட்டு நியாயத்துக்கும் ஒரு சான்று. 2015இல் கேரள அரசு ரப்பர் உற்பத்தி ஊக்கத்திட்டம் கொண்டுவந்தது. சந்தை விலை 150 ரூபாய்க்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தந்தது. எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரத்துக்கு அது கிடைத்தது; இந்தப் பக்கம் நிற்கும் மரத்துக்கு இல்லை. ஒரே ஆசியான் ஒப்பந்தம், ஒரே கோட்டயம் விலை, ஒரே மழை. இந்த வேற்றுமைக்கு ஜெனீவா பொறுப்பல்ல.

எனவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். எந்த வணிகப் பேச்சும் தொடங்குமுன், அதில் வரும் பொருள் விளையும் மாவட்டத்தில் வணிக அமைச்சகம் வெளிப்படையாகக் கருத்துக் கேட்கட்டும், தமிழிலேயே கேட்கட்டும். சலுகைப் பட்டியலையும் விலக்குப் பட்டியலையும் கையெழுத்துக்கு முன் மாநில அரசுக்கும் நாடாளுமன்றக் குழுவுக்கும் காட்டட்டும். ஒப்பந்தத்தால் நாட்டுக்கு லாபம் என்றால், அதில் நட்டப்படும் பகுதிக்கு அந்த லாபத்திலிருந்து ஈடு தரட்டும். சிறு மீனவர் யார் என்பதைக் கடல் மைலால் அளக்காமல் உடைமையாலும் பங்கு முறையாலும் அளக்க வேண்டும் என்பதை இந்தியா அடுத்த பேச்சில் எழுதி வைக்கட்டும். தமிழக அரசு ரப்பருக்கு ஒரு விலை ஈட்டுத் திட்டம் தரட்டும்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. பேச்சு மேசையில் கண்ணீரைவிடக் கணக்குக்கு மதிப்பு அதிகம். நம் மாவட்டத்துக் கணக்கு நம்மிடம் இல்லை. ஷீட் விலை, வெட்டுக்கூலி, சும்மா விடப்பட்ட தோட்டம், ஒரு படகின் டீசல் செலவு, ஆளுக்கு விழுந்த பங்கு, அண்டி ஆபீஸில் வேலை இருந்த நாள் என்று மாதந்தோறும் குறித்து வையுங்கள். ஐந்தாண்டு குறித்தால் அதை எந்த அமைச்சகமும் தள்ளிவிட முடியாது. இந்தக் கல்லூரிப் பொருளியல் துறை இந்தக் கல்வியாண்டிலேயே அந்த ஏட்டைத் தொடங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.